திரையில் தன்பாலீர்ப்புப் பெண்கள்: மலையகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

1

தமிழ்த் திரைப்படம் பற்றி எமது பல்கலைக்கழக ஏடுகளில் வெளிவந்த கட்டுரைகளைத் தொகுத்து நோக்குமிடத்து, வர்க்கம், சாதி, இனம் ஆகிய மூன்றும் அவற்றுள் ஓரளவு விரிவாகவே ஆராயப்பட்டிருப்பதைக் காணலாம். எண்பதுகளுக்குப் பின்னர் பெண்ணிலைவாத நோக்கும் இவற்றோடு சேர்ந்து கொண்டது. ஆயினும் பெண்ணொருத்தி இன்னொரு பெண்ணை விரும்பி வாழும் வாழ்வு திரையில் எவ்வாறு காட்டப்படுகின்றது என்ற வினாவை நாம் எழுப்பியதில்லை. எழுப்பாமைக்குக் காரணம் அத்தகைய படங்கள் இல்லாமையன்று. 1978 முதல் இன்று வரை, எமது அயலிலும் எமது நாட்டிலும் அத்தகைய படங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. பார்த்தும் பேசாதிருந்தோம் என்பதே உண்மை.

இக்கட்டுரை எழுதப்படுவதற்கு உடனடிக் காரணமாக அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சியாகும். வட்டகொடையை அண்டிய தோட்டமொன்றில், எங்களுள் சிலர் நடத்திவரும் வாசிப்பு வட்டத்தில், ‘காதல் என்பது பொது உடைமை’ என்ற தமிழ்ப் படத்தைச் சிலர் கூடிப் பார்த்தோம். கொழுந்தெடுத்துக் களைத்து வந்த பெண்களும் அவ்வீட்டு இஸ்தோப்பில் வந்தமர்ந்தனர். படம் முடிந்ததும் ஆண்கள் பண்பாடு பற்றிப் பேசத் தொடங்கினர். நெடுநேரம் வாளாவிருந்த முதிய தொழிலாளி ஒருவர் மட்டும் வேறொன்றைக் கேட்டார்: “அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, கடைசியில அந்த ரெண்டு பிள்ளைகளும் எந்தக் காம்பராவுக்குப் போகும்?”

அவ்வினாவில் ஏளனம் இல்லை. லயத்துக் காம்பரா ஒன்றினுள் மூன்று தலைமுறையினர் ஒடுங்கி வாழ்ந்த அனுபவத்திலிருந்து எழுந்த வினா அது. ஒழுக்கம் பற்றிய விவாதங்களைக் காட்டிலும் இவ்வினாவே விமரிசனத்துக்குப் பயனுள்ள அளவுகோல் என்பது எமது துணிபு. காதலர் இருவர் வாழ்வதற்கு இடமும் வேலையும் அயலும் வேண்டும். ஒரு படம் தன் பாத்திரங்களை ஈற்றில் எங்கே கொண்டுபோய் விடுகின்றது என்பதைப் பார்த்தால், அப்படத்தை ஆக்கியோரின் உலக நோக்கு பெருமளவுக்குப் புலனாகிவிடும். இவ்வளவுகோலைக் கொண்டே கீழ்வரும் படங்களை நோக்க முற்படுகின்றோம்.

2

படங்களுக்குச் செல்லுமுன் சொற்களைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். பத்திரிகைகள் நெடுங்காலம் வழங்கிவந்த ‘ஓரினச் சேர்க்கை’ என்ற சொல் பொலிஸ் செய்தியின் சொல். அது மனிதரைச் சுட்டாது ஒரு செயலை மட்டுமே சுட்டுவது. ‘தன்பாலீர்ப்பு’, ‘பால்புதுமையினர்’ போன்ற சொற்கள் பிற்காலத்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலைத் தொடர்ந்து தமிழ்நாட்டரசு 2022ஆம் ஆண்டில் இத்துறைக்குரிய சொற்பட்டியலொன்றை அரசிதழில் வெளியிட்டது. ஒரு மொழி தன் மக்களுட் சிலரை இழிவின்றிச் சுட்டுவதற்கு நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

எமது இலக்கண மரபோ காதலை வகைப்படுத்துவதில் சளைத்ததன்று. ஒத்த அன்பை ஐந்திணையென்றும், ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் அது பகுத்தது. இப்பாகுபாட்டினுள் பெண்–பெண் காதலுக்குத் தனிப்பெயர் இடப்படவில்லை. சங்கப் பாடல்களில் தலைவிக்கும் தோழிக்குமுள்ள நெருக்கத்தை எடுத்துக்காட்டி, அங்கேயே இக்காதல் உண்டென நிறுவ முயல்வோரும் உளர். அம்முயற்சி தேவையற்றதென்றே நாம் கருதுகின்றோம். தோழி தலைவியின் காதலை நிறைவேற்றி வைக்கும் நாடகப் பாத்திரமாகவே அம்மரபில் அமைகின்றாள். இன்று வாழும் ஒருத்தியின் உரிமைக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையைச் சான்று காட்ட வேண்டியதில்லை. பழமையில் இடமிருந்தாற்றான் இன்று இடமுண்டு என ஏற்றுக்கொண்டால், சாதி மறுப்புத் திருமணத்துக்கும் நாம் வாதாட முடியாது போய்விடும்.

வட்டகொடைப் பகுதியின் மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலையக மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தமை நாமனைவரும் அறிந்ததே. மக்களின் வாய்மொழியே முதற் சான்று என்ற பாடத்தை அவரிடமிருந்தே கற்றோம். ஆயின் தொகுப்பாளர் முன் பாடப்படுவது வேறு, நிரையில் நின்று கொழுந்தெடுக்கும் பெண்கள் தமக்குள் பாடிக்கொள்வது வேறு. பாடல்களில் மாமன் மகனையும் மச்சானையும் நோக்கிய காதலே பெருகிக் காணப்படுவதைக் கொண்டு, வேறெந்தக் காதலும் இம்மலைகளில் இருந்ததில்லை என முடிவு கட்டுதல் ஆய்வு நெறியாகாது.

3

தென்னிந்தியப் படங்களுள் இப்பொருளை முதலில் வெளிப்படையாகத் தொட்டது மலையாளமாகும். வி. ரி. நந்தகுமாரின் நாவலைத் தழுவி மோகன் இயக்கிய ‘ரண்டு பெண்குட்டிகள்’ 1978ஆம் ஆண்டு வெளியாயிற்று. பெண்ணின் மீது பெண் கொள்ளும் நாட்டத்தை ஒளிக்காது பேசத் துணிந்த அப்படம், ஈற்றில் அதனை இளமைக் காலத்து மயக்கமாக்கித் திருமணத்தின் பக்கமே திரும்பிவிடுகின்றது. பத்மராஜன் 1986இல் அளித்த ‘தேசாடனக்கிளி கரயாறில்ல’ கலையழகில் இதனினும் மேலானது. பாடசாலைச் சுற்றுலாவின்போது தப்பியோடும் நிம்மி, ஸாலி என்ற இரு மாணவியரின் கதை அது. அவர்களுக்கிடையிலான பிணைப்புக்கு அப்படம் பெயரிடவேயில்லை. அப்பிணைப்பினுள் ஆடவன் ஒருவன் வந்து சேர்கின்றான். முடிவில் இரு சிறுமியரும் உயிரை மாய்த்துக் கொள்கின்றனர்.

ஆகவே மேற்படி இரு படங்களும் எமது முதியவரின் வினாவுக்குத் தரும் விடைகள் இரண்டே: கணவன் வீடு, அல்லது சாவு. இவ்விரண்டும் கற்பனையில் மட்டும் உதித்தவையல்ல. பெண்ணிணையர் இருவர் சேர்ந்து உயிர்நீத்த செய்திகள் கேரளப் பத்திரிகைகளில் அடிக்கடி வெளிவந்துள்ளன. அவ்வகையில் இப்படங்கள் நடைமுறையைப் பிரதிபலிக்கின்றன எனலாம். ஆனால் நடந்ததை நடந்தவாறு காட்டுவது இயற்பண்புவாதமே. அதனை நடக்கச் செய்யும் சமூக விசைகளையும், அவை மாறக்கூடியன என்பதையும் காட்டுவதே யதார்த்தவாதம். இவ்வேறுபாட்டை எமது மூத்த விமரிசகர்கள் பலகால் வற்புறுத்தியுள்ளனர். சிறுமியரின் சாவு ஒரு சோக அழகாக மாறிவிடும்போது, சாகடித்த பாடசாலையும் குடும்பமும் விசாரணையின்றித் தப்பிவிடுகின்றன.

இவ்வகையில், லிஜி ஜே. புல்லப்பள்ளி 2004இல் ஆக்கிய ‘சஞ்சாரம்’ ஒரு திருப்புமுனையாகும். கிரண், டெலைலா என்ற இரு தோழியரின் காதல் குடும்பங்களால் முறிக்கப்படுகின்றது. டெலைலாவின் திருமண நாளில் அருவி முனையில் வந்து நிற்கும் கிரண், முன்னைய படங்களின் வழக்கப்படி குதித்திருக்க வேண்டியவள், அவள் குதிப்பதில்லை. சாவின் விளிம்பிலிருந்து காலைப் பின்வாங்கும் அந்த ஓரடி மலையாளத் திரைக்கதை மரபையே மறுத்துரைப்பதாகும். எனினும் பின்வாங்கியவள் எங்கே போகின்றாள் என்பதைப் படம் எமக்குக் காட்டவில்லை. இங்கும் காம்பரா கிடைக்கவில்லை, உயிர் கிடைத்தது.

4

தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ பற்றி மிகுதியாகப் பேசப்பட்டுள்ளது. 1996இல் ஆக்கப்பட்டு, 1998 நவம்பரில் இந்தியாவில் திரையிடப்பட்ட அப்படத்துக்கெதிராக அவ்வாண்டு டிசம்பரில் சிவசேனையினர் மும்பையிலும் டில்லியிலும் திரையரங்குகளைத் தாக்கினர். படம் மீண்டும் தணிக்கைக்கு அனுப்பப்பட்டு, 1999 பெப்ரவரியில் வெட்டின்றி வெளிவந்தது. தாக்குதலைக் கண்டித்தோருட் பலரும் அன்று கருத்துச் சுதந்திரத்தின் பெயராலேயே வாதாடினர். இது தன்பாலீர்ப்புப் பற்றிய படமன்று, புறக்கணிக்கப்பட்ட மனைவியர் பற்றிய படமே என்றும் சிலர் சமாதானம் கூறினர். தாக்கியோர் எதனைத் தாக்கினரோ அதனையே காத்தோர் மறைக்க முற்பட்ட இந்நிலைமை முற்போக்காளர் மனங்கொள்ள வேண்டியதொன்றாகும்.

படத்தின் பலம் அதன் சமையலறையிற்றான் உள்ளது. டில்லிக் கூட்டுக் குடும்பமொன்றின் இரு மருமக்கள் வீட்டு வேலையோடு குடும்பத்தின் உணவுக் கடைக்கும் உழைக்கின்றனர். மூத்தவள் கணவன் துறவு நெறியில் மனைவியை ஒதுக்கி வைத்துள்ளான். இளையவள் கணவன் வேறொருத்தியை நாடுகின்றான். ஊதியமற்ற உழைப்பினூடே இரு பெண்களும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் முறை நுட்பமாகக் காட்டப்படுகின்றது. ஆயினும் கணவர் நல்லவராயிருந்தால் இக்காதல் தோன்றியிருக்குமா என்ற ஐயத்துக்கு அக்கதையமைப்பு இடமளித்துவிடுகின்றது. பெண் பெண்ணை விரும்புவது ஆணின் குறைபாட்டால் விளைந்த மாற்று ஏற்பாடு என்ற எண்ணம் அதிலிருந்து எளிதிற் பிறக்கும்.

இன்னொரு குறைபாடு எமது விமரிசகரால் ஏனோ கவனிக்கப்படவில்லை. இரகசியத்தை எசமானனிடம் வெளிப்படுத்துபவன் வேலைக்காரனான முண்டு. அவன் இழிந்த இச்சைகள் கொண்டவனாகவும் காட்டப்படுகின்றான். மத்தியதர வர்க்கத்துப் பெண்களின் விடுதலைக் கதையில் உழைப்பாளிக்குக் கிடைப்பது உளவாளி வேடமே. காதலர் இருவரும் முடிவில் மழையில் ஒரு தர்காவில் சந்திக்கின்றனர். அடுத்த நாட் காலையில் அவர்கள் எவ்வாறு உண்பர், எங்கே உறங்குவர் என்பதைப் படம் எண்ணிப் பார்க்கவில்லை. இதே இயக்குநரின் ‘வாட்டர்’ படப்பிடிப்பு 2000ஆம் ஆண்டில் வாரணாசியில் நிறுத்தப்பட்டு, பின்னர் எமது நாட்டில் நிறைவு பெற்றமை இங்கு நினைவுகூரத் தக்கது. அவர் ஷியாம் செல்வதுரையின் நாவலைத் தழுவி 2020இல் தந்த ‘ஃபனி போய்’ கொழும்புத் தமிழ் இளைஞனொருவனின் தன்பாலீர்ப்பைப் பேசியது. ஈழத்துத் தமிழ்ப் பெண்ணொருத்தியைப் பற்றிய அத்தகைய படத்துக்கு நாம் இன்னமும் காத்திருக்கின்றோம்.

5

எமது நாட்டுப் படங்களுள் இப்பொருளிற் தலையாயது அசோக ஹந்தகம 2002ஆம் ஆண்டு இயக்கிய ‘தனித் தட்டுவென் பியாஃபன்ன’ என்ற சிங்களப் படமாகும். ஒற்றைச் சிறகாற் பறத்தல் என்பது அதன் பொருள். பெண்ணாய்ப் பிறந்த ஒருவர் ஆணாக வாழ்கின்றார். கராஜொன்றில் மெக்கானிக்காக வேலை செய்கின்றார். ஒரு பெண்ணை மணந்து குடும்பம் நடத்துகின்றார். விபத்தொன்றின் பின் வைத்தியரின் கண்ணில் அவரது உடலின் இரகசியம் வெளிப்பட்டுவிட, அதுவரை மதித்த உலகம் அவரை வேட்டையாடத் தொடங்குகின்றது.

இதுகாறும் நாம் நோக்கிய படங்களிலிருந்து இது அடிப்படையில் வேறுபடுகின்றது. இங்கே காதலர்க்கு வீடு உண்டு, கைத்தொழில் உண்டு, அயலும் உண்டு. காதலைக் கனவாகவோ பாவமாகவோ காட்டாமல், கிரீஸ் படிந்த கையோடு வேலை முடிந்து வீடு திரும்பும் அன்றாட வாழ்வாக அது காட்டுகின்றது. அவ்வாழ்வைச் சிதைப்பது அவர்களது உள்ளத்திலுள்ள குறையன்று. உடலைக் கண்டறியும் அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் ஆண்களின் கூட்டமுமே. சமூக விசைகளைச் சுட்டும் யதார்த்தவாதம் என நாம் மேலே கூறியதற்கு இப்படம் எடுத்துக்காட்டாகும்.

இப்பாத்திரத்தைத் தன்பாலீர்ப்புப் பெண் என்பதா, ஆணாகத் தம்மை உணரும் திருநம்பி என்பதா என்ற வினா எழுவது இயல்பே. படம் இதற்குத் தெளிவான விடை தரவில்லை. தரவேண்டிய கடப்பாடும் அதற்கில்லை. ஆயின் நாம் மறக்கலாகாத ஒன்றுண்டு. உழைக்கும் வர்க்கத்துப் பெண்ணொருத்திக்கு இன்னொரு பெண்ணுடன் வாழ வழி ஆணுடையே என்றால், அவ்வுடை அகவுணர்வின் வெளிப்பாடா, பிழைப்பின் தேவையா என்பதை வெளியிலிருந்து எவரும் தீர்மானிக்க முடியாது. எமது தமிழ் விமரிசன ஏடுகள் இப்படத்தைப் போதிய அளவு பேசவில்லை. ஒரே நாட்டின் கலைப் படைப்பொன்றை மொழிவேலி எவ்வளவு எளிதில் எமக்கு அந்நியமாக்கிவிடுகின்றது என்பதற்கு இதுவும் சான்று.

அப்படம் வெளிவந்த காலத்துச் சட்ட நிலைமையையும் இங்குக் குறித்தல் அவசியம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை ஆண்களுக்கிடையிலான உறவையே குற்றமாகக் கொண்டிருந்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவில் ‘ஆண்’ என்றிருந்ததை ‘ஆள்’ என மாற்றியதால் பெண்களும் அதனுள் அடங்கினர். அதுவரை சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாதிருந்தவள், புலப்பட்ட கணத்திலேயே குற்றவாளியானாள்! பின்னர், தன்பாலீர்ப்புப் பெண்களின் மாநாடொன்றில் வன்புணர்வுக் குற்றவாளிகளை ஏவிவிட வேண்டுமென எழுதப்பட்ட கடிதத்தை ஆங்கிலப் பத்திரிகையொன்று பிரசுரித்தது. அதனையெதிர்த்த முறைப்பாட்டைப் பத்திரிகைப் பேரவை 2000ஆம் ஆண்டு தள்ளுபடி செய்ததோடு, முறையிட்டோரையே செலவு செலுத்தப் பணித்தது. ரொசானா ஃபிளேமர்-கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு, இச்சட்டம் பெண்களின் உரிமையை மீறுவதென 2022இல் முடிவு செய்தது. இப்பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்றென எமது உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. ஆயினும் அச்சட்டமூலம் நிறைவேற்றப்படவில்லை.

6

தமிழ்த் திரைக்கு வருவோம். மாலினி ஜீவரத்தினம் 2017இல் ஆக்கிய ‘லேடீஸ் அண்ட் ஜென்டில்வுமன்’ என்ற ஆவணப்படம் தமிழ்ச் சூழலில் இப்பெண்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய முயற்சியாகும். அப்படத்தைத் தயாரித்த பா. ரஞ்சித்தே 2022ஆம் ஆண்டில் ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்தை இயக்கினார். புதுச்சேரி நாடகக் குழுவொன்றினுள் ஒரு பெண்ணிணையும் இடம்பெறுகின்றது. தமது காதலுக்காக அவர்கள் எவரிடமும் மன்னிப்புக் கோருவதில்லை. அக்குழுவினுள் அது சாதாரணமான ஒன்று. சாதியத்துக்கெதிரான போராட்டத்தோடு இக்காதலையும் ஒரே மேடையில் நிறுத்தியமை அப்படத்தின் தனிச்சிறப்பு. எனினும் அவ்விணை கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றது. நாடகக் குழு ஒரு தற்காலிகக் காம்பரா. ஒத்திகை முடிந்ததும் கலைந்துவிடுவது.

ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘காதல் என்பது பொது உடைமை’ 2025 பெப்ரவரி 14ஆம் நாள் திரைக்கு வந்தது. மகள் காதலிக்கின்றாள் என அறிந்து மகிழும் முற்போக்கான தாய், காதலரை வீட்டுக்கு அழைக்கச் சொல்கின்றாள். வந்தவர் ஒரு பெண் எனக் கண்டதும் தடுமாறுகின்றாள். ரோகிணி ஏற்ற அத்தாய்ப் பாத்திரம் எம்மை நோக்கிப் பிடிக்கப்பட்ட கண்ணாடி என்றே கூறவேண்டும். மேடையில் உரிமை பேசுவோர் வாசற்படியில் தோல்வியுறுவதை அப்படம் பகையுணர்வின்றிக் காட்டுகின்றது. லிஜோமோள் ஜோஸ் ஏற்ற மகளோ, தன்னை விளங்கிக்கொள்ளுமாறு கேட்கின்றாளேயன்றி இரக்கத்தைக் கேட்பதில்லை.

குறையொன்றும் உண்டு. அக்குடும்பம் வசதி வாய்ந்தது. மகளுக்குக் கல்வியும், வேண்டுமானால் வீட்டைவிட்டு வெளியேறி வாழும் பொருள்வலிமையும் உண்டு. ஆகவே போராட்டம் தாயின் மனத்தை மாற்றுவதாகச் சுருங்கிவிடுகின்றது. இஸ்தோப்பிலிருந்து எழுந்த வினா இந்த வசதியைத்தான் தொட்டது. தாயின் மனம் மாறினாலும் காம்பரா கிடைக்காத பெண்கள் இருக்கின்றனர்.

தொலைக்காட்சியை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் விசித்திரமானது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது லயங்களுட் பலவற்றில் மின்சாரமே இருக்கவில்லை. இன்று தோட்டங்களில் மாலை வேளையை ஆள்பவை தமிழ்நாட்டுத் தொடர்களே. அவற்றில் பெண்கள் நிறைந்துள்ளனர். மாமியார், மருமகள், நாத்தனார், ஓரகத்தி எனப் பெண்களே பெண்களோடு சமையலறையிலும் கூடத்திலும் ஓயாது பேசுகின்றனர். ஆனால் அப்பேச்சு அனைத்தும் மகன், கணவன், மாப்பிள்ளை என ஏதோவோர் ஆணைப் பற்றியது. பெண்ணும் பெண்ணும் பகைக்கலாம், சூழ்ச்சி செய்யலாம்; ஒருவர்க்கொருவர் போதுமானவராயிருக்க முடியாது. ‘ஃபயர்’ படத்தின் அதே சமையலறைதான் இதுவும். அங்கே இரு பெண்கள் ஒருவரையொருவர் ஏறெடுத்துப் பார்த்தனர் என்பதே வேறுபாடு.

7

இனி மலையகத்துக்குத் திரும்புவோம். தோட்டத் தொழிலாளர் வாழ்வைக் களமாகக் கொண்டு வி. பி. கணேசன் ‘புதிய காற்று’ படத்தை 1975இல் தந்தார். சுமதி சிவமோகன் 2013இல் ‘இங்கிருந்து’ என்ற படத்தை அளித்தார். அதே ஆண்டு தமிழ்நாட்டில் பாலாவின் ‘பரதேசி’ தேயிலைத் தோட்டத்துக் கொடுமைகளைக் காட்டிற்று. இவை ஒவ்வொன்றும் தத்தம் அளவில் மதிப்புடையன. ஆயினும் தோட்டத்துப் பெண்ணின் விருப்பு என்பது தமிழ்த் திரையில் இன்னும் முழுமையாகக் கேட்கப்படவில்லை. தேயிலைப் பொதியிலும் உல்லாசப் பயண விளம்பரத்திலும் அவள் கூடையோடு சிரிக்கும் படம். முற்போக்குப் படங்களிலோ துன்புறும் மனைவி, பிள்ளையை இழந்த தாய். இவ்விரு பிம்பங்களிலும் அவள் எதனையும் விரும்புவதில்லை.

எமது அணியினரிடையே நிலவும் ஒரு மறுப்பை இங்கு எதிர்கொள்ளல் வேண்டும். இது பூர்ஷ்வாச் சமூகத்தின் சீரழிவு, மேல்நாட்டு இறக்குமதி, சம்பளமும் வீடும் காணியும் இல்லாத மக்களிடையே இதனைப் பேசுவது திசைதிருப்பல் என்பர். இக்கருத்தை எங்களுள் சிலரும் ஒரு காலத்தில் கொண்டிருந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தோட்டத்தின் பொருளாதார அமைப்பை ஊன்றி நோக்கினால் இம்மறுப்பு நிலைபெறாது.

கங்காணிமார் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தொழிலாளரைத் திரட்டிய முறை குடும்பங்களை மையமாகக் கொண்டது. கோப்பிக் காலத்தைப் போலன்றித் தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. அக்கைகளையும், அடுத்த தலைமுறைத் தொழிலாளரையும் தோட்டத்துக்கு உறுதி செய்து தந்தது குடும்பமே. காம்பரா வேலையோடு பிணைக்கப்பட்டது. காம்பராவின் தலைவனாக ஆணே கருதப்பட்டான். ஒரே தொழிலுக்குப் பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்ற முறை 1984ஆம் ஆண்டு வரை நீடித்தது. ஆகவே பெண் கட்டாயமாக மணம்புரிய வேண்டும் என்ற விதி தமிழ்ப் பண்பாட்டினால் மட்டும் காக்கப்பட்டதன்று. துரைமாரின் கணக்கேட்டுக்கும் அது தேவையாயிருந்தது. இரு பெண்கள் சேர்ந்து ஒரு காம்பராவில் வாழ விரும்பினால் அவர்களுக்குத் தடையாய் நிற்பது பண்பாடு மட்டுமன்று, தோட்ட நிர்வாகமும் ஆகும். சம்பளப் போராட்டமும் வீட்டுரிமைப் போராட்டமும் ஒருபுறம், இப்பெண்களின் உரிமை மறுபுறம் எனப் பிரித்துப் பேசுவோர் இவ்வுண்மையைக் காணத் தவறுகின்றனர். ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் பெண்ணின் பெயரிலும் எழுதப்பட வேண்டுமெனக் கோரும்போது, நாம் அறிந்தோ அறியாமலோ இப்பெண்களுக்காகவும் கோருகின்றோம். அறிந்தே கோருவது நேர்மை.

மேல்நாட்டு இறக்குமதி என்ற வாதமும் அவ்வாறே. இறக்குமதி செய்யப்பட்டது இக்காதலன்று. அதனைக் குற்றமாக்கிய 1883ஆம் ஆண்டுச் சட்டமே. அதே காலனித்துவ ஆட்சிதான் எமது முன்னோரையும் இம்மலைகளிற் கொண்டுவந்து இறக்கிற்று.

தோட்டத்தைவிட்டு வெளியேறும் இளம்பெண்கள் இன்று கொழும்புக் கடைகளிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், மத்திய கிழக்கு வீடுகளிலும் வேலை செய்கின்றனர். விடுதி அறைகளில் பெண்கள் பெண்களோடு வாழ்கின்றனர். சொந்தச் சம்பளமும், தாய்தந்தையர் கண்ணுக்கப்பாற்பட்ட ஓர் அறையும் அவர்களுக்கு முதன்முறையாகக் கிடைக்கின்றன. அங்கே தோன்றும் தோழமைகளுட் சில காதலாயிருத்தல் கூடும். தீபாவளிக்கோ தேர்த் திருவிழாவுக்கோ வட்டகொடைப் புகையிரத நிலையத்தில் வந்திறங்கும்போது, அவ்வறையில் வாழ்ந்தவளை அவர்கள் புகையிரதத்திலேயே விட்டுவிட்டு வரவேண்டியுள்ளது. இக்காட்சியை எந்தத் தமிழ்ப் படமும் இன்னும் எடுக்கவில்லை.

8

தொகுத்து நோக்குமிடத்து, நாம் ஆராய்ந்த படங்கள் ஏறக்குறைய அரை நூற்றாண்டில் கடந்துவந்த பாதை தெளிவாகின்றது. திருமணம், சாவு என்ற இரு முடிவுகளிலிருந்து தொடங்கி, சாகாதிருத்தல், சந்தித்தல், பெற்றோர் முன் நின்று பேசுதல் என்பவை வரை அவை வந்துள்ளன. இது வளர்ச்சியே. ஆயினும் ‘தனித் தட்டுவென் பியாஃபன்ன’ நீங்கலாக, உழைத்துண்ணும் பெண்ணை இக்காதலின் நாயகியாக்கிய படம் அவற்றுள் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் இரு பெண்களுக்குப் பொலிஸாரின் தொல்லையிலிருந்து பாதுகாப்பளித்தது. 2025இல், தாமே தேர்ந்த துணையும் குடும்பமாகலாம் என ஏற்றது. நீதிமன்றம் சென்ற தூரத்தைத் தமிழ்க் கலைஞர் இன்னும் செல்லவில்லை என்றால், அதில் விமரிசகரான எமக்கும் பங்குண்டு. கேட்காத வினாவுக்குக் கலைஞர் விடை தருவது அரிது.

மலையக இளைஞரின் கைகளில் இன்று படக்கருவியுள்ள தொலைபேசிகள் உள்ளன, குறும்படங்கள் ஆக்கப்படுகின்றன. அவர்கள் இப்பொருளைத் தொடும்போது அதனை அதிர்ச்சிக்கும் அறிவுரைக்கும் பயன்படுத்தாமல், பிரட்டுக்களமும் கொழுந்து மடுவமும் லயத்து இஸ்தோப்பும் உள்ள வாழ்வினூடே காட்டுவார்களாயின், இதுவரை எவரும் செய்யாத பணியைச் செய்தவராவர். அத்தகைய படமொன்று வட்டகொடையில் திரையிடப்படும் நாளில், வினாவைத் தொடுத்த அம்முதியவரையே முதல் வரிசையில் அமர்த்த விரும்புகின்றோம். அவர் திருப்தியடையாவிடின், அப்படமும் இன்னும் முழுமை பெறவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.